ரோட்டைப் பார்த்த தோட்டம்

குவாட்டர்ஸ் கிடைத்த அன்று நான் முதலில் பார்த்தது வீட்டை அல்ல, வீட்டுக்கு முன்னால் கிடந்த மண்ணைத்தான். அதற்குக் காரணம் இருந்தது. அதுவரை நானும் என் மனைவியும் பினாங்குப் பட்டணத்துக்குள் ஒரு கடையின் மேல்மாடியில், ஒற்றை அறையில் குடியிருந்தோம். கலியாணமான புதிதில் அவளை நாகப்பட்டினத்துக் கப்பலில் கூட்டி வந்து வைத்தது அந்த அறையில்தான். ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கடையின் ஓடு. நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவேன். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒரு நாள், சோற்றைப் போட்டுக்கொண்டே, "இந்த மாடியில என்னால முடியலீங்க. கொஞ்ச நாள் அம்மா வீட்ல இருந்துட்டு வர்றேன்" என்றாள். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று.

எனக்குப் பேச்சு என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவன். கற்றதெல்லாம் நாலு பேர் வாயிலிருந்து கற்றதுதான். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது வருஷக்கணக்கில் மனசில் அப்படியே நிற்கும். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. சுவரோடு எத்தனை நாள் பேசுவது? அந்தச் சமயத்தில்தான் டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கம் எனக்குத் துறைமுகக் குவாட்டர்ஸ் ஒதுக்கினார்கள். செங்கல் கால்களின் மேல் நிற்கும் பலகை வீடுகள், வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு துண்டு நிலம், வீட்டுக்கு வீடு நடுவே இடுப்பளவு கம்பி வேலி.

அவளுக்கு மாடியில் முடியாமல் போனது மண்ணும் பச்சையும் இல்லாததால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு தோட்டம் போட்டுவிட்டால் வந்துவிடுவாள், வந்தால் இருப்பாள் என்று நினைத்தேன்.

தோட்டம் என்றால் எங்கள் வரிசையில் எல்லாரும் வைத்திருந்தார்கள். கையில் அகப்பட்டதையெல்லாம் ஊன்றிய தோட்டம். ஒரு செம்பருத்தி, பக்கத்தில் முருங்கை, அதன் காலடியில் சாமந்தி, மண்ணெண்ணெய் டின்னில் துளசி. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் தண்ணிமலைப் பூங்காவுக்கு நடந்துபோவேன். வடக்குக் கடற்கரையில் துரைமார் பங்களாக்களின் வேலியோரமாகவும் நடப்பேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நின்று நின்று பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. நம் தோட்டத்தில் செடி செடியாகத் தெரிகிறது. அங்கே தோட்டம் தெரிகிறது. நம் கண் செம்பருத்திக்குத் தாவி, அங்கிருந்து சாமந்திக்குத் தாவி, கடைசியில் களைத்துப்போய் ரோட்டைப் பார்க்கிறது. அங்கேயோ கண் ஓர் இடத்தில் உட்கார்ந்து, மெல்ல நகர்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கிக்கொள்கிறது. நிறம் ஒன்று. உயரம் படிப்படியாக ஏறுகிறது. இந்தப் பக்கம் இருப்பதே அந்தப் பக்கமும் இருக்கிறது.

நிறத்துக்கு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். நான் வீட்டுக்கு வரும் நேரம் வெளிச்சம் குறைகிற நேரம். அப்போது சிவப்பு கறுத்துவிடும், மஞ்சள் மங்கிவிடும். வெள்ளை மட்டும் தனக்கென்று ஒரு வெளிச்சம் வைத்துக்கொண்டு நிற்கும்.

முன்னவர் வைத்துப்போன செடிகளையெல்லாம் வேரோடு எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் கணவர் துறைமுகத்தில் பளுத்தூக்கி ஓட்டுகிறவர். கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். அக்கா வாயைத் திறந்தால் மூட மாட்டார். எனக்கு அவர் பேச்சு மிகவும் பிடிக்கும்.

"நல்லாப் பூக்கிற செடியை ஏன் தம்பி புடுங்குறீங்க?"

"நிறம் ஒத்துவரல அக்கா."

"செடிக்குமா பொருத்தம் பாக்குறீங்க? கலியாணத்துக்கே இவ்வளவு பாக்கல லா எங்கள்ல."

கூடையில் செடி விற்க வரும் சீனக் கிழவரிடம் நாற்றுக் கேட்டேன். நான் எடுத்து வைத்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "செமுவா புத்தே? சியாப்பா மாத்தி?" என்றார். எல்லாம் வெள்ளையா, யார் செத்தது என்று மலாயில் கேட்கிறார்; சீனர்களுக்கு வெள்ளை துக்க நிறம். யாரும் சாகவில்லை, என் மனைவி வரப்போகிறாள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கேட்டிலிருந்து வீட்டுப் படிவரை போகிற பாதைக்கு இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே நிற்கும் வெள்ளை நித்தியகல்யாணி. அதற்குப் பின்னால் காசித்தும்பையில் வெள்ளை. அதற்கும் பின்னால், நீண்ட இலைக்கு நடுவே வெள்ளையாகப் பூ விடும் ஒரு கிழங்குச் செடி. அதன் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசியில், வீட்டு ஜன்னலை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல் நந்தியாவட்டை. கேட்டின் மேல் முல்லைக் கொடி. தினமும் வேலை விட்டு வந்ததும் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பேன். கண்ணைச் சுருக்கினால் இலை, காம்பு எல்லாம் கலங்கிப்போய் வெள்ளை மட்டும் தெரியும். அது எங்கே அறுந்து தெரிகிறதோ அங்கே ஒரு செடி குறைகிறது என்று அர்த்தம். மறுநாள் அங்கே ஒன்று ஊன்றுவேன்.

எல்லாம் கூடி வந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. நான் கொடுத்த சிவப்புச் செம்பருத்தியை அக்கா மண்ணெண்ணெய் டின்னில் வைத்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த கம்பி வேலியோரமாகவே அடுக்கிவிட்டார். அதற்கு மேலே துணிக்கொடி. கொடி நிறையப் பிள்ளைகளின் சட்டைகள், பச்சையும் நீலமும் கட்டமுமாக. என் தோட்டத்தைப் பார்க்கிற கண் நேரே அங்கேதான் போய் விழுந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறம் கெடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் அந்தப் பக்கத்தை மறைக்க நினைத்தேன் என்று சொன்னால் முழுக்கச் சரியாகாது. சாயங்காலம் தனியாக உலை வைக்கிறவனுக்கு, பக்கத்து வீட்டுக் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காற்றில் ஆடுவது பார்க்கக் கஷ்டமாக இருக்கும். வேலி நீளத்துக்கும் நந்தியாவட்டைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றினேன். பினாங்கு மழைக்குக் கேட்க வேண்டுமா? குச்சி தளிர்த்து, தளிர் கிளையாகி, கிளையும் கிளையும் கை கோத்துக்கொண்டு சுவராகிவிட்டது.

"எங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாம் தம்பி, இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம்" என்று அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். முகம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துபோயிற்று. முகம் பார்க்காமல் எவ்வளவு பேச முடியும்?

தோட்டம் பேர் வாங்கியது. ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை மெதுவாக விட்டார்கள். சாயங்காலம் உலாவப் போகிறவர்கள் கேட்டருகே நின்றார்கள். "இது துரை வீடா?" என்று ஒருவர் கேட்டார். கிராணி வீடு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். எல்லாரும் நின்று பார்த்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. அதுவும் அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருவர் சேதி கொண்டு வந்தார். "உங்க மச்சான் தை பொறந்ததும் தங்கச்சியக் கூட்டிட்டு வர்றாராம். தங்கச்சிக்குப் பிடிச்சா இருக்கட்டும், பிடிக்கலன்னா அடுத்த கப்பல்லயே தன்னோட கூட்டிட்டுப் போயிடுவாராம். உங்ககிட்ட இத மறைக்காமச் சொல்லச் சொன்னாரு." மச்சான் நேர்மையான மனுஷர். தங்கை மேல் உயிர். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில் எனக்குக் கிடைக்கிற அவகாசம்தான் என் வாழ்க்கை என்று புரிந்துவிட்டது.

நோய் உண்டா என்று பார்க்கும் காரண்டீன் தீவில் வைத்திருந்து அவர்களை விட்ட அன்று, படகுத்துறை ஜெட்டியில் காத்திருந்து கூட்டி வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. அந்த வெளிச்சத்தில் தோட்டத்தைக் காட்ட எனக்கு மனசில்லை. வழியில் தெரிந்தவர் கடையில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். பிறகு இன்னொரு காப்பி. பிறகு கோயில் வாசலில் கொஞ்ச நேரம்.

"என்ன மாப்ளே, வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?" என்றார் மச்சான்.

பொழுது மங்கும் நேரத்துக்குச் சரியாக ரிக்‌ஷா கேட்டில் நின்றது. முல்லை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. பாதையின் இரு பக்கமும் வெள்ளை படிப்படியாக ஏறிப்போய் வீட்டைத் தொட்டது. நான் நினைத்தது நினைத்தபடியே இருந்தது. மச்சான் வாயைப் பிளந்தார். "கோயில் நந்தவனம் தோத்துது போங்க." அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். பாதையில் நடந்து, படி ஏறி, வீட்டுக்குள் போனாள். அவள் நடந்துபோகும்போது அவள் சேலையின் கருஞ்சிவப்பு மட்டும் அந்த வெள்ளைக்கு நடுவே தனியாகத் தெரிந்தது.

மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது அவள் முன்பக்கம் இல்லை. பின்னால் அடுப்படி வாசலில், சந்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. சாக்கடை ஓடும். காலையில் கக்கூஸ் வாளி எடுக்கிறவர்கள் வருவது அந்த வழியில்தான். அதற்கு அடுத்த நாளும் அங்கேயே இருந்தாள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மச்சான் பகலெல்லாம் ஊர்க்காரர்களைப் பார்க்கப் போய்விடுவார். வீட்டில் இவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் கப்பல் வந்துவிடும். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், முன்பக்கம் உக்காந்தா என்ன?"

"முன்பக்கம் என்ன இருக்கு?"

"தோட்டம் இருக்கு."

"அது ரோட்டுல போறவங்களுக்குப் போட்டது." கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "உள்ள இருந்து பாத்தா எல்லாச் செடியும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது. நீங்க பாத்ததே இல்லியா?"

பார்த்ததே இல்லை. அந்த வீட்டில் இத்தனை நாள் இருந்தும் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்தது கிடையாது. போய் உட்கார்ந்தேன். நந்தியாவட்டையின் பூவெல்லாம் வெளிச்சம் இருக்கிற ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. இந்தப் பக்கம் அடித்தண்டும், முட்டுக்கொடுத்த குச்சியும், நான் கட்டிய தேங்காய்நார்க் கயிறும், பழுத்து உதிராத இலையும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டு ஜன்னலில் வேலிச் சுவர். அதற்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. எந்தப் பிள்ளையையோ, "நீ குளிச்சது தண்ணிக்கே தெரியாது, மறுபடி போ" என்று விரட்டிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம். தகர வாளி உருளும் சத்தம்.

"அந்தப் பக்கம் ஒரு அக்கா பேசுறாங்க" என்று என் மனைவி சொன்னாள். "நாள் பூரா கேக்குது. நல்லாப் பேசுறாங்க. மொகந்தான் எப்படி இருக்கும்னு தெரியல."

"போய்ப் பேசலாமே."

"கூப்பிடாம எப்படிப் போறது? என்ன வேலையா வந்தேன்னு கேட்டா என்னன்னு சொல்றது? வேலியோரம்னா வேற. துணி காயப்போடப் போனேன், செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேன், அப்படியே ஒரு வார்த்தை பேசினேன்னு இருக்கும். இங்க வேலி எங்க இருக்கு?" பிறகு அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள். "பின்னாடி சந்துல ரெண்டு பேராவது நடந்து போறாங்க. அந்த மாடியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. இங்க ஓட்டுக்குப் பதிலா இலை."

கேட்டுக்கு வெளியே போய் நின்று ஒரு முறை பார்த்தேன். பகல் வெயிலில்கூடத் தோட்டம் ஒன்றாகத்தான் தெரிந்தது. எங்கும் அறுபடவில்லை. அறுபடாமல் இருப்பதற்காக நான் எதையெல்லாம் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன் என்பதும் தெரிந்தது. தனியாக இருக்கிறவன் தனியாக நின்று பார்ப்பதற்குப் போட்ட தோட்டம் அது. இன்னொருத்தருக்கு அதில் இடம் வைக்கவில்லை.

பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். எங்கே வெட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஓரமாக வெட்டினால் ரோட்டிலிருந்து தெரியாது. ஆனால் அங்கே நின்று பேசினால் வெயில் கொல்லும். நடுவில்தான் அக்கா வீட்டு மாமரத்தின் நிழல் விழுகிறது. நடுவிலேயே வெட்டினேன். நந்தியாவட்டை வெட்டினால் பால் வடியும். கையெல்லாம் பிசுபிசுத்தது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"யாரது? பாம்பா தம்பி?"

"பாம்பு இல்ல அக்கா. நான்தான்."

"என்னத்தத் தேடுறீங்க?"

"வழி விடுறேன்" என்றேன்.

ஒரு கிளை சாய்ந்ததும் அக்காவின் முகம் தெரிந்தது. நிறைமாத வயிறு, இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு ஈரத்துணி. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். என் மனைவி படியில் வந்து நின்றிருந்தாள்.

"இவங்கதானா அவங்க?" என்றார் அக்கா. "ஏம்மா, வந்து இவ்வளவு நாளாச்சு, உங்க வீட்டுக்காரரு உங்கள இலைக்குள்ள சுத்தி வச்சிருந்தாரு, கொழுக்கட்ட மாதிரி. எந்த ஊரு?"

"நாகப்பட்டினம் பக்கம் அக்கா."

"அடி ஆத்தே. வேளாங்கண்ணிக்கு எவ்வளவு தூரம்? எங்க அம்மா பொறந்தது அங்கதான். நான் போனதில்ல. கோயில் கடலப் பாத்துதானே இருக்கு? சொல்லு சொல்லு."

அவள் இறங்கி வந்தாள். நித்தியகல்யாணியை மிதிக்காமல் சுற்றி வந்தவள், சுற்று தூரமாகத் தோன்றியதோ என்னவோ, கடைசியில் காசித்தும்பையை மிதித்துக்கொண்டு நேராகவே போனாள். நான் கத்தியை வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். "கொஞ்சம் நகர்றீங்களா" என்றாள். நகர்ந்தேன்.

பிறகு வந்த நாட்களில் அந்த இடைவெளி ஒரு செடி அகலத்திலிருந்து இரண்டு செடி அகலமாயிற்று. யார் வெட்டியது என்று நான் கேட்கவில்லை. சிவப்புச் செம்பருத்தி டின் ஒன்று எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தது. வேலி வழியாகக் கிண்ணங்கள் போயின, வந்தன. ஒரு நாள் சாப்பாட்டில் மீன் குழம்பு வேறு மாதிரி இருந்தது. அக்கா சொல்லிக் கொடுத்தது என்றாள். இருப்பாளா, போவாளா என்பதைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. மச்சானும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. துறைமுகத்தில் எந்தக் கப்பல் ஊதினாலும் நாகப்பட்டினத்துக் கப்பலா என்று எட்டிப் பார்த்தேன்.

கப்பல் நாள் காலையில் மச்சான் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் பெட்டியும் பக்கத்தில் இருந்தது. ஆனால் கட்டப்படவில்லை. மூடி திறந்தே கிடந்தது.

"என்னம்மா, முடிவு என்ன?" என்றார்.

அவள் வேலிப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அந்த அக்காவுக்கு இந்த வாரத்துல பிரசவம். கூட மாட ஆள் இல்ல, சின்னப் பிள்ளைகளப் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன். நீ போயிட்டு வாண்ணே. அடுத்த கப்பலுக்குப் பாக்கலாம்."

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா மாப்ளே? அடுத்த கப்பல் வரைக்கும் உங்களுக்குச் சோறு உண்டு."

மச்சான் தனியாகக் கப்பலேறினார். அடுத்த கப்பலுக்கும் அவள் அப்படியே சொல்லியனுப்பினாள். அக்காவின் பிள்ளைக்கு இன்னும் தலை நிற்கவில்லை என்றாள். அதற்கு அடுத்த கப்பலுக்கு மழை என்றாள். இருக்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போகவும் இல்லை. அவள் எதற்காக இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அதை நான் அவளிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. என் தோட்டத்துக்காக அல்ல. எனக்காக என்று சொல்லிக்கொள்ளவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

சாயங்காலம் நான் வரும்போது அவர்கள் இருவரும் அந்த இடைவெளியில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா பக்கம் விளக்கு எரியும். பேச்சு அருவி மாதிரி விழும். கேட்டின் கொக்கி சத்தம் கேட்டதும், "தம்பி வந்துட்டாரு, போய்ச் சோத்தப் பாரு" என்று அக்கா உள்ளே போய்விடுவார். என் மனைவி வந்து சோறு போடுவாள். அன்று என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்பாள். அந்தச் சும்மாவில் என்னென்ன இருந்தது என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கும். அவளுக்கு அதை மறுபடி சொல்லத் தெரியாது. அது அங்கேயே, அந்த வேலியோரத்திலேயே தீர்ந்துபோகிற பேச்சு.

அதனால் கொக்கியில் கை வைக்காமல் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்கப் பழகிக்கொண்டேன். முல்லை மறைவில் நின்றால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. அங்கே ஒரு வார்த்தையும் இங்கே ஒரு சிரிப்புமாகக் காதில் விழும். ரோட்டில் போகிறவர்கள் நான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சிலர் தாங்களும் என் பக்கத்தில் நின்று, நந்தியாவட்டைக்கு நடுவே தெரிகிற அந்த ஓட்டையைக் காட்டி, "இந்த ஒரு இடத்த அடைச்சுட்டா நல்லாருக்கும்" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் போகும்வரை காத்திருப்பேன்.